விசுவாசம் போதவில்லை என்றால் எது போதவில்லை?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இருபது வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்த தாயிடம், ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் கர்த்தர் பிள்ளையைக் காப்பாற்றியிருப்பார், அம்மா" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒன்றைத்தான் திருப்பிச் சொன்னார். அந்தத் தாய் பதில் பேசவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. விசுவாசம் என்பது மனத்துக்குள் சேர்த்துவைக்கும் ஒரு சரக்கு. அது குறிப்பிட்ட அளவை எட்டினால் கேட்டது கிடைக்கும், எட்டாவிட்டால் கிடைக்காது. ஆகவே கிடைக்காதவர் தம்மையே நொந்துகொள்ள வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் பலர் வேறொரு பொருளில் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்கிறார்கள்: ஆதாரம் இல்லாத ஒன்றை ஆராயாமல் ஏற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் விசுவாசம் என்பது அவர்கள் எண்ணம். இரண்டு புரிதல்களும் வேதாகமம் பேசுகிற விசுவாசத்தைத் தொடாமல் அதன் பக்கத்தில் கடந்துபோகின்றன. அது உண்மையில் எப்படிப்பட்டது, கிறிஸ்தவ வாழ்க்கையில் அதற்கு ஏன் அவ்வளவு பெரிய இடம் என்பதை, இறையியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில், அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின், அதாவது கடிதத்தின், 13ஆம் அதிகாரம் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்ற மூன்றோடு முடிகிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இருக்கிறது. அதாவது, ஒரு நூலில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றொரு நூலில் முதலாவதாகிவிடுகிறது. ஒரே தெருவில் வாழும் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் "நம்பிக்கை" என்று சொல்லும்போது ஒன்று வருங்காலத்தைப் பற்றியும் மற்றொன்று கடவுளோடுள்ள உறவைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கக் கூடும். இந்தக் கட்டுரையில் நான் பழைய சொல்லான விசுவாசத்தையே பயன்படுத்துகிறேன்.

அதற்குக் காரணம் பழக்கம் மட்டுமன்று. சர்ச்சுக்கு வெளியே, சாதாரணப் பேச்சில் நாம் இந்தச் சொல்லை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள். "நாய் விசுவாசமான பிராணி" என்கிறோம். சோறு போட்ட வீட்டை மறவாதவனை விசுவாசி என்கிறோம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது அந்தக் குணத்துக்கான பழமொழி. இங்கெல்லாம் விசுவாசம் என்பது ஒரு கருத்தை ஏற்பதைக் குறிக்கவில்லை; ஒருவரை விட்டு விலகாமல் நிற்பதைக் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்குரிய சொல் பிஸ்திஸ். அதற்கும் ஒருவரை நம்புதல், அவருக்கு உண்மையாயிருத்தல் என்ற இரண்டு பொருளும் உண்டு. பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் எமூனா என்ற சொல் உறுதியையும் நிலைநிற்றலையும் குறிக்கிறது. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் "ஆமென்" அதே வேரிலிருந்து பிறந்தது. நாயைப் பற்றிப் பேசும்போது நாம் சரியாகப் பயன்படுத்தும் சொல்லைக் கடவுளைப் பற்றிப் பேசும்போது மட்டும் தவறவிடுகிறோம் என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுவதுண்டு.

இரவுப் பேருந்தில் மூன்று பயணிகள்

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் இரவுப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். நிலையத்தில் நிற்கும் ஒருவருக்கு அது எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஊர்கள் வழியாகப் போகும் என்பதெல்லாம் தெரியும். அவர் அருகில் நிற்கும் இரண்டாமவருக்கு அந்த விவரங்கள் தெரிவதோடு, இந்தப் பேருந்து உண்மையாகவே நாகர்கோவில் போய்ச் சேரும் என்பதிலும் ஐயம் இல்லை. மூன்றாமவர் பையை மேலே வைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். ஓட்டுநரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு தம் உயிரை அந்த ஓட்டுநரின் கையில் கொடுத்திருக்கிறார். காலையில் நாகர்கோவிலில் இறங்கப்போவது இந்த மூன்றாமவர் மட்டுமே.

சீர்திருத்தக் கால இறையியலாளர்கள் விசுவாசத்துக்குள் இதே மூன்று அடுக்குகளைப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது அறிவு, அதாவது கடவுள் என்ன செய்தார், என்ன வாக்களித்தார் என்று தெரிந்திருப்பது. இரண்டாவது ஒப்புதல், அதாவது அது உண்மை என்று ஏற்பது. மூன்றாவது சார்ந்திருத்தல், அதாவது அந்த உண்மையின்மேல் தன் பாரத்தை இறக்கிவைப்பது. முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது வராது. எங்கே போகிறது என்று தெரியாத பேருந்தில் ஏறுவதை யாரும் விசுவாசம் என்று புகழமாட்டார்கள். எனவே விசுவாசம் அறிவுக்கு எதிரானது என்ற பேச்சு தொடக்கத்திலேயே அடிபட்டுப்போகிறது. ஆனால் முதல் இரண்டோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை யாக்கோபு தமது நிருபத்தில் கூசாமல் எழுதிவைத்திருக்கிறார்: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." தேவன் ஒருவர் உண்டு என்பதில் பிசாசுகளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை, குறைவது சார்ந்திருத்தல்தான்.

தமிழ் இலக்கணமும் இதற்கு உதவுகிறது. "தேவன் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்பது ஒரு செய்தியைப் பற்றிய வாக்கியம். "தேவனை விசுவாசிக்கிறேன்" என்பது ஒரு நபரைப் பற்றியது. ஞாயிறு ஆராதனையில் சபையார் எழுந்து நின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், அதாவது கிறிஸ்தவர் எதை ஏற்கிறார்கள் என்பதைச் சுருங்கச் சொல்லும் அறிக்கை, பிதாவாகிய தேவனை "விசுவாசிக்கிறேன்" என்று இரண்டாம் வேற்றுமையில்தான் அமைந்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம்: விசுவாசம் என்பது தெரிந்துகொள்வதில் தொடங்கி, ஏற்றுக்கொள்வதைக் கடந்து, ஒருவர்மேல் சாய்ந்துகொள்வதில் முழுமை பெறுகிறது, சாய்ந்தபின் அவரை விட்டு விலகாமல் இருப்பதும் அதற்குள் அடங்கும்.

பலம் எங்கே இருக்கிறது?

அதே பேருந்தில் இன்னொரு பயணியும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு கணமும் தூங்கவில்லை. லாரி எதிரே வரும்போதெல்லாம் முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றுகிறார். விழுப்புரம் தாண்டுவதற்குள் பத்து முறை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டார். குறட்டை விட்டவரும் இவரும் காலையில் ஒரே நேரத்தில் ஊர் போய்ச் சேருகிறார்கள். இரவு எப்படிக் கழிந்தது என்பதில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கொண்டுபோய்ச் சேர்த்த பலம் பேருந்தினுடையது என்பதால் போய்ச் சேர்ந்ததில் வித்தியாசம் இல்லை.

அப்போஸ்தலர்கள் ஒருமுறை இயேசுவிடம், தங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும்படி கேட்டார்கள் என்று லூக்கா 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அளவு கூட வேண்டும் என்பது அவர்கள் விண்ணப்பம். அவரோ கடுகு விதையளவு இருந்தாலே போதும் என்று பதில் சொன்னார். இந்த இடத்தில் நமக்கு "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்ற பழமொழி நினைவுக்கு வருவது இயல்பு. பிரசங்கங்களிலும் அதை அடிக்கடி சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் பழமொழி கடுகின் சொந்தக் காரத்தைப் புகழ்கிறது. இயேசுவின் உவமையோ சிறுமையைத்தான் சுட்டுகிறது. கேட்கிறவர் யாரை நோக்கிக் கை நீட்டுகிறார் என்பதே அங்கே முக்கியம். நீட்டிய கை எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை.

பேருந்து உவமை இதற்குமேல் உதவாது, ஏனென்றால் பேருந்து நம்மிடம் எதையும் வாக்களிப்பதில்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போன மகன், "அம்மா, நீங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுங்கள், மாதாமாதம் நான் அனுப்புகிறேன்" என்று சொல்கிறான். அவள் கொத்தனாரை வரவழைத்து வானம் தோண்டச் சொல்கிறாள். கையில் பணம் இல்லை. இருப்பது மகனின் வார்த்தையும் அவன் எப்படிப்பட்டவன் என்ற இருபத்தைந்து ஆண்டு அனுபவமும்தான். "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்று எபிரெயர் 11:1 சொல்வதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. காணப்படாததைப் பற்றிய நிச்சயம் காற்றிலிருந்து வருவதில்லை. வாக்குக் கொடுத்தவரை அறிந்திருப்பதிலிருந்து வருகிறது. கிறிஸ்தவர்களுக்கு அந்த அறிமுகம் இயேசுவின் வாழ்வும் சிலுவை மரணமும் உயிர்த்தெழுதலும் ஆகும்.

"நீதியாக எண்ணினார்"

கிறிஸ்தவ வரலாற்றில் மிக அதிகமாக வாதிக்கப்பட்ட பகுதிக்கு இப்போது வருகிறோம். பிள்ளையில்லாத முதியவரான, பின்னர் ஆபிரகாம் என்று பெயர் பெற்ற ஆபிராமிடம், வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படியிருக்கும் என்று கர்த்தர் வாக்களித்தபோது நடந்ததை ஆதியாகமம் 15:6 இவ்வாறு பதிவு செய்கிறது: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரம் முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கிறது. அவர் கையாளும் கிரேக்க வினை கணக்கர்கள் பயன்படுத்துவது: ஒருவர் கணக்கில் வரவு வைப்பது. தமிழிலும் எண்ணுதல் என்றால் நினைப்பதும் கணக்கிடுவதும் ஆகும் என்பது இந்த வசனத்துக்கு வாய்த்த நல்ல பொருத்தம்.

நீதிமானாக்கப்படுதல் என்பது, கடவுளுக்கு முன்பாகக் குற்றவாளியாக நிற்க வேண்டியவரை அவரே ஏற்று, தம்மோடு சரியான உறவுக்குள் நிறுத்துவது. பவுலின் வாதம் என்னவென்றால், அந்த ஏற்பு உழைத்துச் சம்பாதித்த கூலியாக வரவில்லை. கிருபையாக, அதாவது தகுதி பாராமல் கொடுக்கப்பட்ட ஈவாக வருகிறது. ஆபிரகாமுக்கு விருத்தசேதனம் என்ற நுனித்தோல் நீக்கும் சடங்கு ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில்தான் நடக்கிறது. நீதியாக எண்ணப்பட்டதோ அதற்குமுன்பே, 15ஆம் அதிகாரத்தில். சடங்குக்கு முன்பே வரவு வைக்கப்பட்டுவிட்டது என்று நிகழ்ச்சிகளின் வரிசையைக் காட்டியே பவுல் வாதிடுகிறார். அப்படியானால் விசுவாசத்தின் வேலை என்ன? கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் வெறும் கையாக இருப்பது. அந்தக் கைக்குக் கூலி கேட்க உரிமையில்லை. "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. விசுவாசத்தையே ஒரு சாதனையாக எண்ணி, என் விசுவாசத்தால் இதைப் பெற்றேன் என்று மார்தட்டும் சாட்சிகளைக் கேட்கும்போது, வாசல் வழியாகத் துரத்திய கூலிக்கணக்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

யாக்கோபு அதே ஆதியாகம வசனத்தை எடுத்து வேறு முடிவுக்கு வருவதுபோல் தெரிகிறது. "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்று அவர் எழுதுகிறார். கிரியை என்றால் செயல். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தருக்கு இது பெரிய இடறலாக இருந்தது. 1522இல் வெளியிட்ட தமது ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை, மற்ற நிருபங்களோடு ஒப்பிட்டு, வைக்கோல் நிருபம் என்றே குறிப்பிட்டார். ஆனால் யாக்கோபு பார்ப்பது ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை, ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாளை. பவுல், மரம் எப்படி நடப்பட்டது என்று கேட்கிறார். யாக்கோபு, நட்ட மரம் காய்த்ததா என்று கேட்கிறார். பல ஆண்டுகளாகக் காய்க்காத மாமரத்தைப் பார்த்து நம் வீட்டுப் பெரியவர்கள் "இது பட்டுப்போச்சு" என்று சொல்வதைத்தான், கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று அவர் சொல்கிறார். காய்தான் மரத்துக்கு உயிர் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை.

இந்த இரண்டு குரல்களுக்கும் இடையில் எதை முன்னே வைப்பது என்ற கேள்வி மேற்குத் திருச்சபையைப் பிளந்த காரணங்களில் ஒன்று. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் சீர்திருத்தவாதிகளின் நிலைப்பாட்டைக் கண்டித்து ஆணை வெளியிட்டது. நான்கரை நூற்றாண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் குறித்த ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மனிதர் தம் தகுதியால் அல்ல, கிருபையினாலேயே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தினால் ஏற்றுக்கொள்ளப்படுகிறார், அதன் பின்னரே நற்செயல்கள் கனிகளாகப் பின்தொடர்கின்றன என்ற அடிப்படையில் இரு தரப்பும் உடன்பட்டன.

சுருங்கச் சொன்னால், ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக நற்செயல் செய்வதில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டதால் செய்கிறோம். இந்த முன்பின் வரிசை மாறினால் மீதி எல்லாம் மாறிவிடும்.

சந்தேகம் வந்தால்?

சந்தேகம் விசுவாசத்தின் எதிரி என்று பலர் பயப்படுகிறார்கள். சென்னை மயிலாப்பூர் சாந்தோம் பேராலயத்தோடும் பரங்கிமலையோடும் மரபு இணைத்துப் பேசும் தோமாவை, சந்தேகத் தோமா என்று அழைப்பது நம் வழக்கம். உயிர்த்தெழுந்தவரின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் அவர். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அவருக்குக் கிடைத்தது வெளியேற்றம் அன்று. காயங்களைக் காட்டிய கைகள். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை அவர் வாயிலிருந்துதான் வந்தது.

உணர்வு வற்றிப்போவதும் விசுவாசம் அழிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகாது. அன்னை தெரசா இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள், பல பத்தாண்டுகளாகக் கடவுளின் அருகாமையை அவரால் உணர முடியாமல் போனதைக் காட்டின. அந்த ஆண்டுகளில்தான் அவர் கொல்கத்தாவில் சாகக்கிடந்தவர்களைத் தூக்கி வந்து கழுவினார். அதிகாலை ஜெபத்துக்கும் எழுந்தார். உணர்வு இல்லாதபோதும் விலகாமல் நின்ற அந்த நிலைக்கு, நம் ஊர்ப் பேச்சில் உள்ள பழைய பொருளிலான விசுவாசம் என்ற சொல்லே மிகப் பொருத்தம்.

கேட்டது கிடைக்காதபோது

துக்க வீட்டில் கேட்ட வாக்கியத்துக்கு இப்போது திரும்பலாம். எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்று பெயர் பெற்றது. அதன் 33ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாய்களை அடைத்தவர்கள் வருகிறார்கள். அந்தப் பகுதியைத்தான் கூட்டங்களில் உரக்க வாசிக்கிறார்கள். நான்கு வசனம் தள்ளி, வாளால் அறுக்கப்பட்டவர்களும் கல்லெறியுண்டவர்களும் வருகிறார்கள். இரண்டு கூட்டத்தாரையும் நிருபக்காரர் ஒரே பட்டியலில், ஒரே மதிப்போடு வைத்திருக்கிறார். தப்பியவர்களுக்கு விசுவாசம் அதிகம், செத்தவர்களுக்குக் குறைவு என்று அவர் எங்கும் எழுதவில்லை.

தானியேல் புத்தகத்தில், நேபுகாத்நேச்சாரின் சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞர்கள், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" வணங்கமாட்டோம் என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் விசுவாசத்தின் முழு உருவமும் தெரிகிறது: கடவுளின் வல்லமையைப் பற்றிய நிச்சயம் உண்டு, முடிவை அவரிடம் கட்டளையிடும் உரிமை இல்லை. பவுலும் தம் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட ஒரு முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிபவர் யாரும் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

"அற்பவிசுவாசிகளே" என்று இயேசு கடிந்துகொண்ட இடங்களும் உண்டு என்பது உண்மை. அவற்றைத் தேடிப் படித்தால், அந்தச் சொல் பெரும்பாலும் அவரோடு நடந்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த சீஷர்களை நோக்கியே வருகிறது என்பது புலப்படும். உதவி கேட்டு வந்த நோயாளி எவரையும், உனக்கு விசுவாசம் போதாது என்று அவர் திருப்பி அனுப்பியதாகச் சுவிசேஷங்களில் ஓர் இடமும் இல்லை.

பிறர் தாங்கிப் பிடித்த கைகள்

விசுவாசம் எப்படி வளர்கிறது? "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்று ரோமர் 10:17 சொல்கிறது. கேள்வி என்றவுடன் வினா என்று பொருள்கொண்டு தடுமாறும் இளைஞர்களை வேதபாட வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். இங்கே கேள்வி என்பது கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பாக நிற்கும் அதே சொல். மகனின் கடிதத்தை எடுத்து மறுபடி மறுபடி வாசிக்கும் தாயைப்போல, வாக்குக் கொடுத்தவரின் வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அவர்மேலுள்ள பற்று ஊன்றுகிறது. வேத வாசிப்பு, ஜெபம், திருவிருந்து, ஞாயிறு ஆராதனை எல்லாம் இந்தக் கேட்டலுக்கான ஏற்பாடுகள்.

இது தனி ஆள் வேலையும் அன்று. எமூனா என்ற எபிரெயச் சொல் யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரோடு நடந்த போரின்போது வருகிறது. மோசே கைகளை உயர்த்தியிருந்தவரை இஸ்ரவேலர் வென்றார்கள். கைகள் தளர்ந்து இறங்கியபோது பின்வாங்கினார்கள். ஒரு கல்லில் அவரை உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்ற பெயருடையவரும் ஆளுக்கொரு பக்கம் அவர் கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். சூரியன் மறையும்வரை அவை உறுதியாயிருந்தன. அந்த உறுதிக்குத்தான் எமூனா என்ற சொல் அங்கே பயன்படுகிறது. விசுவாசத்தோடு உறவுடைய சொல் முதலில் ஒருவருடைய மன வலிமையைக் குறிக்காமல், களைத்த ஒருவரின் கைகளை மற்ற இருவர் பிடித்திருந்த நிலையைக் குறித்தது. துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்பதும் இதிலிருந்தே தெரியும்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில், சிறுவயது முதல் வலிப்பால் துன்புற்ற மகனை ஒரு தகப்பன் கொண்டுவருகிறார். சீஷர்களால் முடியவில்லை. "விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்" என்று இயேசு சொன்னதும் அந்த மனிதர் கண்ணீரோடு கத்துகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இருந்தது, இல்லாதது இரண்டையும் ஒரே மூச்சில் அவர் சொல்லிவிட்டார். போய் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவரை அனுப்பவில்லை. பையன் செத்தவன்போல் கிடந்தான். செத்துப்போனான் என்றே பலரும் சொன்னார்கள். இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான்.